பொரி கடலை வேறு, பொரிகடலை வேறு: சரக்குப் பட்டியலுக்குப் பெயர் வைக்கும் வழி

தென்காசிப் பக்கம் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். பில் போடக் கம்ப்யூட்டர் வாங்கியபோது சரக்குப் பெயர்களையெல்லாம் தமிழில் ஏற்றிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எண்ணூறு சொச்சம் பெயர். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று கடைப் பையன்கள் இரண்டு பேரையும் கூட உட்காரவைத்து, ஆளுக்கொரு போனில் தட்டச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் கொட்டினேன். ஆறு மாதம் கழித்து மாமாவிடமிருந்து போன். "என்னல மருமவனே, ஒரே பருப்பு நாலு பருப்பா நிக்கு?"

போய்ப் பார்த்தால், கடலை பருப்பு, கடலைபருப்பு, கடலைப் பருப்பு, கடலைப்பருப்பு என்று நான்கு வரி. கொள்முதல் ஒன்றில் ஏறியிருக்கிறது, விற்பனை இன்னொன்றில் கழிந்திருக்கிறது, மூன்றாவதில் இருப்பு மைனஸில் போயிருக்கிறது. மனிதக் கண்ணுக்கு நான்கும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு நான்கும் வேறு.

அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்த கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. பக்கத்துப் பட்டறைக்காரர் வாட்ஸப்பில் "பொரி கடலை 5 கிலோ" என்று அனுப்ப, பையன் பட்டியலில் அதே பெயரைத் தேடி, ஐந்து கிலோ பொட்டுக்கடலையைக் கட்டிக் கொடுத்துவிட்டான். அவன் மேல் தப்பில்லை. தெற்கே பொட்டுக்கடலைக்குப் பொரிகடலை என்றுதான் பெயர். அதை நான் ஏற்றும்போது நடுவில் ஓர் இடைவெளி விழுந்து "பொரி கடலை" ஆகியிருந்தது. பட்டறைக்காரர் கேட்டதோ சாமி முன்னால் வைக்கப் பொரியும் கடலையும். ஒரு இடைவெளி இரண்டு சரக்கை ஒரு சரக்காக்கிவிட்டது.

இந்தக் கட்டுரை அந்த மாதிரிப் பட்டியல் போடப் புதிதாக உட்கார்பவர்களுக்கு. மளிகைக் கடைதான் என்றில்லை. நூலகப் பட்டியல், புகைப்படக் கோப்புப் பெயர்கள், சங்கத்து உறுப்பினர் வகைகள் என்று இரண்டு மூன்று சொல் சேர்ந்து ஒரு பெயராக நிற்கிற எந்த இடத்துக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலுக்கு ஹைபன் போட்டுத் தீர்த்துவிடுவார்கள், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்று அந்தச் சின்னக் கோடு சொல்லிவிடும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் தமிழிலும் கண்ட இடத்தில் கோடு போடுகிறார்கள். தமிழில் அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே மூன்று கருவி உண்டு: ஒற்று (கடலைப்பருப்பின் நடுவில் வரும் ப் மாதிரி), சேர்த்து எழுதுவது, சொல் வரிசை. ஹைபன் நாலாவதாகத்தான் வர வேண்டும்.

பழைய ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது, பல சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளிகூட இருக்காது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் தம்பிரான் வணக்கம், 1578இல் கொல்லத்தில் அச்சானது. இடைவெளியும் மேல்நாட்டுக் குறிகளும் அச்சு பரவியபிறகு மெல்ல மெல்லப் பழகியவை. ஹைபன் வருவதற்கு முன்பே இங்கே எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று காட்டப் புணர்ச்சி இருந்தது. பவணந்தி 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் அதற்கு விதியே எழுதிவைத்தார். நமக்கு அத்தனை விதியும் வேண்டாம். ஐந்தாறு போதும்.

முதலில் குப்பையைக் கொட்டிப் பாருங்கள்

புதுப் பட்டியலானாலும் பழையதைத் திருத்துவதானாலும், எல்லாப் பெயரையும் ஒரே பத்தியில் போட்டு அகர வரிசைப்படுத்துங்கள். பாதி இரட்டைகள் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். மீதி நிற்காது, ஏனென்றால் இடைவெளி போட்டதும் போடாததும் வரிசையில் தள்ளித் தள்ளிப் போய்விடும். அதற்கு ஒரு தந்திரம்: பக்கத்துப் பத்தியில் அதே பெயர்களை நகலெடுத்து, அதில் இடைவெளி, ஹைபன் இரண்டையும் மொத்தமாக நீக்கிவிட்டு அந்தப் பத்தியை வைத்து வரிசைப்படுத்துங்கள். கடலைபருப்பும் கடலை பருப்பும் அப்போது ஒரே சொல்லாகிவிடும்.

அப்படியும் ஒன்று தப்பியது எனக்கு. கொத்தமல்லி இரண்டு வரி இருந்தது. எழுத்தெழுத்தாகப் பார்த்தாலும் ஒரே மாதிரி, இடைவெளியும் இல்லை. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: ஒரு பையன் போனில் "கொ" என்பதை ஒற்றைக்கொம்பும் காலுமாகத் தனித்தனியாகத் தட்டியிருக்கிறான், இன்னொருவன் ஒரே குறியாகத் தட்டியிருக்கிறான். திரையில் வித்தியாசமே தெரியாது, உள்ளே வேறு வேறு எண்கள். இதற்கு மருந்து ஒன்றுதான், பட்டியல் முழுவதையும் ஒரே ஆள், ஒரே விசைப்பலகையில் அடிப்பது. முடியாவிட்டால் சந்தேகப்பட்ட பெயரை அழித்துவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

போனில் அடிப்பதைப் பற்றி இன்னொன்று. பரிந்துரையில் வரும் சொல்லைத் தொட்டால் போன் தானாகவே ஓர் இடைவெளி சேர்க்கும். "பொரி" தொட்டு, "கடலை" தொட்டு, நடுவில் இடைவெளி விழுந்த கதை அப்படித்தான்.

எது எதோடு ஒட்டுகிறது?

இனி ஒவ்வொரு பெயராக எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள். தமிழில் பெயரின் தலை கடைசிச் சொல். மாவு, மூட்டை, தூள், கடை என்று கடைசியில் நிற்பதுதான் பொருள். முன்னால் இருப்பதெல்லாம் அதைப் பற்றிச் சொல்வது. முன்னால் ஒரே சொல் என்றால் குழப்பமே இல்லை. இரண்டு சொல் வந்தால்தான் கேள்வி: முதல் சொல் நடுச் சொல்லைச் சொல்கிறதா, கடைசிச் சொல்லைச் சொல்கிறதா?

"பழைய அரிசி மூட்டை" என்று ஒரு பெயர் பட்டியலில் இருந்தது. பழைய அரிசி என்பது விலை கூடின சரக்கு. சோறு ஒட்டாமல் உதிரியாக வரும், கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. பழைய மூட்டை என்றால் சாக்குதான் பழசு. எழுத்தில் இரண்டும் ஒன்று. பேசும்போது எங்கே நிறுத்துகிறோம் என்பதில் பிரித்துவிடுகிறோம், எழுத்தில் அந்த நிறுத்தம் காணோம். ஒற்று இங்கே உதவுமா? உதவாது. வல்லின எழுத்துகளில் சொல்லுக்கு முதலில் வரும் நான்கு, அதாவது க, ச, த, ப, இவற்றில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால்தான் ஒற்று மிகும்; "மூட்டை" ம-வில் தொடங்குகிறது. "சின்ன வெங்காய மூட்டை"யும் அப்படியே: சின்ன வெங்காயம் இருக்கிற மூட்டையா, பல்லாரி வெங்காயத்தின் சின்ன மூட்டையா?

இந்த இடத்தில்தான் கை ஹைபனைத் தேடும். "சின்ன-வெங்காய மூட்டை". புரியும்தான். ஆனால் தமிழ் படிக்கிறவர் கண்ணுக்கு அது ஒரு பெயராகத் தெரியாது, ஏதோ அச்சுப் பிழை மாதிரி நிற்கும், கடைப் பையன் தேடும்போது அந்தக் கோட்டை அடிக்கவும் மாட்டான். அதற்குப் பதில் சேர்த்து எழுதுங்கள்: சின்னவெங்காய மூட்டை. சேர்ந்தது ஒரு சரக்கு, தள்ளி நிற்பது மூட்டை. பழைய அரிசிக்கு "பழையஅரிசி" என்று சேர்த்தால் அசிங்கமாக இருக்கிறது, உயிரெழுத்து நடுவில் வந்து உட்காருகிறது. அங்கே சொல் வரிசையை மாற்றிவிட்டேன்: "அரிசி பழையது, மூட்டை". பில்லில் இந்த மாதிரி எழுதுவது யாருக்கும் விநோதமாக இல்லை, மொத்தக் கடைக்காரர்கள் சீட்டெழுதுவதே இப்படித்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்த சிக்கல் "வறுத்த அரிசி மாவு". அரிசியை வறுத்து அரைத்ததா, அரைத்த மாவை வறுத்ததா? இடியாப்பத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து இடித்து மாவைத்தான் வறுப்பார்கள். அரிசியை வறுத்துத் திரித்த மாவு வேறு வேலைக்கு, வேறு ருசி. மாமா கடையில் இரண்டுமே இருந்தன, இரண்டுக்கும் ஒரே பெயர், விலை மட்டும் வேறு. அத்தையிடம் கேட்டேன், ஒரு நொடிகூட யோசிக்காமல் "ஒண்ணு வறுத்துத் திரிச்சது, இன்னொண்ணு திரிச்சு வறுத்தது" என்றார். அதையே பெயராக்கிவிட்டேன். "அரிசி மாவு, வறுத்துத் திரித்தது", "அரிசி மாவு, திரித்து வறுத்தது". ஹைபனும் வேண்டாம், ஒற்று ஆராய்ச்சியும் வேண்டாம். குழப்பம் வந்தால் இலக்கணப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அந்தச் சரக்கைக் கையாளுகிறவரிடம் "இதை எப்படிச் சொல்வீர்கள்" என்று கேளுங்கள்.

குழப்பம் இல்லாத இடத்தில் கிண்டாதீர்கள். "புதிய பேருந்து நிலையம்" என்பதைப் பார்த்துப் புதிய பேருந்துகளுக்கு மட்டுமான நிலையம் என்று எவரும் நினைப்பதில்லை. பழைய புத்தகக் கடையும் அப்படியே, பழையது புத்தகம்தான் என்று ஊருக்கே தெரியும். கேள்வி கேட்டுப் பாருங்கள், இரண்டு பொருளும் உங்கள் பட்டியலில் நிஜமாகவே வர வாய்ப்பிருந்தால் மட்டும் பெயரை மாற்றுங்கள்.

எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது

ஒரு சோதனை போதும். இரண்டு சொல்லையும் பிரித்தால் பொருள் மாறுகிறதா? நல்லெண்ணெய் எள்ளில் எடுப்பது. நல்ல எண்ணெய் என்றால் கடலையெண்ணெய்கூட நல்லதாக இருக்கலாம். ஊறுகாய், குடிநீர், சுடுசோறு எல்லாம் வினைத்தொகை, அதாவது காலம் காட்டாத வினையும் பெயரும் ஒட்டியது, இவற்றைப் பிரித்தால் கெட்டது: "குடி நீர்" என்று எழுதினால் யாரையோ குடிக்கச் சொல்கிற மாதிரி இருக்கும். வினைத்தொகையில் ஒற்றும் வராது. யாரும் ஊறுக்காய் என்று எழுதுவதில்லை, ஆனால் அதே ஆள் "சுடுச்சோறு" என்று எழுதிவிடுவார், காது ஏமாற்றும். பொரிகடலையும் இந்தச் சாதிதான். பொரிந்த கடலை, பொரிகின்ற கடலை, பொரியும் கடலை என்று மூன்று காலத்துக்கும் விரித்துப் பார்க்க வருகிறதா, சேர்த்து எழுதுங்கள்.

"பொரி கடலை" என்பதோ பொரியும் கடலையும், உம்மைத்தொகை. வெற்றிலை பாக்கு, இட்லி சாம்பார் எல்லாம் அந்த வகை. நடுவில் "உம்" போட்டுப் பாருங்கள், பொருந்தினால் பிரித்து எழுதுங்கள், ஒற்றும் போடாதீர்கள். பூஜைச் சாமான் பட்டியலில் "தேங்காய் பால் பழம்" என்றால் மூன்று பொருள். "தேங்காய்ப்பால்" என்றால் ஒரு பொருள், டின்னில் வருவது. அந்த ஒரு ப் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு பொருள் கூடும், குறையும்.

மற்றதெல்லாம், அதாவது பெயரும் பெயரும் சேர்ந்து ஒன்றை ஒன்று விளக்குவது, பெரும்பாலும் ஒற்று கேட்கும்: கடலைப்பருப்பு, மிளகாய்த்தூள், மல்லித்தூள், பெருங்காயத்தூள். மஞ்சள் தூளுக்கு ஒற்று இல்லை. ள், ல் இரண்டிலும் முடிகிற சொல்லைப் பழைய விதிப்படி புணர்த்தினால் வேறு எழுத்தாகவே மாறும், இன்றைக்கு மளிகைப் பட்டியலில் அப்படி எழுதினால் வாங்க வந்தவர் ஓடிவிடுவார், விட்டுவிடுங்கள். பெரிய, சின்ன, பழைய, வறுத்த போன்றவற்றுக்குப் பின்னால் ஒற்று வராது: பெரிய பருப்பு, வறுத்த கடலை. துவரம்பருப்பு, உளுத்தம்பருப்பு இரண்டும் நடுவில் "அம்" வாங்கியவை, அந்த ம்-ஐ ப் ஆக்கிவிடாதீர்கள். இவ்வளவு தெரிந்தால் ஒரு மளிகைக் கடை முழுவதையும் எழுதிவிடலாம்.

காபி, டீ, சோப்பு மாதிரி வந்த சொற்களில்தான் சண்டை வரும். டீத்தூள் என்று ஒற்றோடு எழுதுகிறவர்களே காபி தூள் என்று ஒற்றில்லாமல் எழுதுகிறார்கள். நான் உயிரில் முடிகிற எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டேன்: காபித்தூள், டீத்தூள், சோப்புத்தூள். வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் பரவாயில்லை, ஆனால் காபிக்கு ஒரு நியாயம், டீக்கு ஒரு நியாயம் கூடாது.

கடலைப்பருப்பா, கடலைப் பருப்பா? இரண்டும் சரி. நான் இரண்டு சொல் பெயர்களைச் சேர்த்தே எழுதுவது, மூன்று சொல் வந்தால் கடைசிச் சொல்லுக்கு முன் இடைவெளி விடுவது என்று வைத்துக்கொண்டேன்: கடலைப்பருப்பு, கடலைப்பருப்பு மாவு. பிரிக்கும்போது ஒற்று முதல் சொல்லோடு நிற்கட்டும். "கடலை ப்பருப்பு" என்றும் "கடலை-ப்பருப்பு" என்றும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். தமிழில் எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. லேபிள் அச்சடிக்கும் மெஷின் இதைத் தானாகவே செய்துவிடும் என்பதுதான் கொடுமை. அகலம் குறைந்த ஸ்டிக்கரில் "கடலை" மேல் வரி, "ப்பருப்பு" கீழ் வரி என்று வந்தது எங்களுக்கு. நீளமான பெயர்களுக்கு லேபிளில் மட்டும் இடைவெளி விட்டு எழுதிய குறும்பெயர் ஒன்றைத் தனிப் பத்தியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஹைபன் எங்கேதான்?

இரண்டு முனை இருக்கிற இடத்தில். தமிழ்-ஆங்கில அகராதி என்றால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, சென்னை-மதுரை வண்டி என்றால் இங்கிருந்து அங்கே, 1987இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு. இங்கே இரண்டு சொல்லும் சமம், ஒன்று மற்றொன்றை விளக்கவில்லை, இரண்டும் சேர்ந்துதான் மூன்றாவதை விளக்குகின்றன. ஒற்று போட முடியாது, சேர்த்து எழுதினால் கோரமாக இருக்கும். ஹைபன் இங்கே சரியான கருவி. நிதியாண்டு 2024-25 என்பதும் இதே கணக்கு.

மளிகையில் இது இஞ்சி-பூண்டு விழுதில் வந்தது. வீட்டுக் குறிப்பில் இஞ்சி பூண்டு விழுது என்று இடைவெளி விட்டு எழுதினாலே போதும். ஆனால் பட்டியலில் இஞ்சி விழுது தனியாக, பூண்டு விழுது தனியாக, கலந்தது தனியாக என்று மூன்று பாக்கெட் இருக்கும்போது அந்தக் கோடு "இது ஒரே பாக்கெட்" என்று சொல்கிறது. கோதுமை-ராகி மாவும் அப்படி. ஹைபனுக்கு இருபுறமும் இடைவெளி விடாதீர்கள், "இஞ்சி - பூண்டு" என்று எழுதினால் அது பிரிக்கிற கோடாகிவிடும்.

இரண்டாவது இடம், எழுத்தும் எண்ணும் சேர்ந்த ரகப் பெயர்கள். அரிசிக் கடைக்காரர்கள் இதில் சிக்காமல் தப்பவே முடியாது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐஆர்-8 தொடங்கி, இட்லி அரிசிக்குக் கேட்கிற ஏஎஸ்டி-16, பிபிடி-5204 என்று எல்லாம் எழுத்தும் எண்ணும்தான். அந்த எழுத்துகள் பெரும்பாலும் ஊர்ப் பெயர்கள்: ஏடிடி ஆடுதுறை, ஏஎஸ்டி அம்பாசமுத்திரம், கோ கோயம்புத்தூர், பிபிடி ஆந்திராவின் பாபட்லா. ஐஆர் 20, ஐஆர்20, ஐ.ஆர்.20, ஐஆர்-20 என்று நான்கு விதமாகவும் சாக்குகளில் பார்த்திருக்கிறேன். நான் ஹைபனைத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு காரணத்துக்காக. இடைவெளி விட்டு "ஐஆர் 20 25 கிலோ" என்று எழுதிப் பாருங்கள், 2025 கிலோ மாதிரியே இருக்கும். "ஐஆர்-20 அரிசி 25 கிலோ" என்றால் எண் எதோடு ஒட்டுகிறது என்று தெரிகிறது. முந்திரிக்கு எண் தரத்தைச் சொல்லும். 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு நிற்கும், 240 என்றால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. அதை "முந்திரி-320", "முந்திரி-240" என்று வைத்தேன்.

அளவுகளுக்கு ஹைபன் வேண்டாம். "5-கிலோ பை", "10-ரூபாய் பாக்கெட்" எல்லாம் ஆங்கிலப் பழக்கம். ஆங்கிலத்தில் எண்ணிக்கை முன்னால் வந்து அளவோடு மோதும், அதனால் கோடு தேவைப்படுகிறது. நம் கடையில் ஒருவர் கேட்பதைக் கவனியுங்கள்: "பத்து ரூபா பிஸ்கட் அஞ்சு குடு." எண்ணிக்கை கடைசிக்குப் போய்விடுகிறது, மோதலே இல்லை. பில்லிலும் அந்த வரிசையையே வைத்துக்கொண்டால் "25 கிலோ அரிசி மூட்டை 2" என்று தெளிவாக நிற்கும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் ஆம், இல், க்கு இவற்றுக்கு? செய்தித்தாள்களில் 15-ந்தேதி, 19-ம் நூற்றாண்டு என்று கோடு போட்டு வருகிறது, புத்தகங்களில் 19ஆம் நூற்றாண்டு என்று ஒட்டியும் வருகிறது. நான் ஒட்டிவிடுவேன், எண்ணும் தமிழ் எழுத்தும் உருவத்திலேயே வேறாக இருப்பதால் கோடு சும்மா நிற்கிறது. நூலகப் பட்டியல் போடுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும், நூற்றாண்டுப் பெயர்தான் அங்கே நூறு இடத்தில் வரும். "19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள்" என்று ஒன்று எழுதினால், 18க்கும் 20க்கும் அதே உரு, அதே த்.

கோட்டிலும் பல கோடு

விசைப்பலகையில் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோடுதான் ஹைபன், கம்ப்யூட்டர் அந்தக் குறிக்கு வைத்திருக்கும் யூனிக்கோடு எண் தசமத்தில் 45. அதைவிடக் கொஞ்சம் நீளமான கோடு 8211, இன்னும் நீளம் 8212, கழித்தல் குறி 8722. வேர்டில் இடைவெளி, கோடு, இடைவெளி என்று அடித்துவிட்டு அடுத்த சொல்லை முடித்தால் அது தானாகவே 45ஐ 8211ஆக மாற்றிவிடும். அங்கிருந்து நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டினால் இஞ்சி-பூண்டு தேடினாலும் கிடைக்காது. பட்டியல் முடிந்ததும் நீளக் கோடுகளைத் தேடி எல்லாவற்றையும் 45ஆக மாற்றிவிடுங்கள்.

எக்ஸெலில் இன்னொரு தொல்லை. "10-12" என்று அளவு எழுதினால் அது தேதியாகிவிடும், கோட்டில் தொடங்கினால் கணக்குச் சூத்திரம் என்று நினைத்துக்கொள்ளும். அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றிவையுங்கள். அடித்த பிறகு மாற்றினால் உள்ளே போன தேதி எண்ணாகத்தான் வெளியே வரும்.

கோப்புப் பெயர்களில் இடைவெளி வேண்டாம் என்று ஹைபன் போடுகிறவர்கள், நிஜமான ஹைபனும் அதில் கலந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். "தமிழ்-ஆங்கில-அகராதி" என்றால் எந்தக் கோடு முனை, எந்தக் கோடு இடைவெளி? இடைவெளிக்கு அடிக்கோடு, முனைக்கு ஹைபன் என்று பிரித்துக்கொண்டால் தீர்ந்தது: தமிழ்-ஆங்கில_அகராதி. இடைவெளி போனாலும் ஒற்று போகக் கூடாது, புத்தகக்_கடை.

ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்

எடுத்த முடிவையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். விதியாக எழுதாதீர்கள், உதாரணமாக எழுதுங்கள். "வினைத்தொகையில் வல்லினம் மிகாது" என்று எழுதினால் எந்தப் பையனும் படிக்க மாட்டான். எங்கள் தாளில் இருப்பது இவ்வளவுதான்: கடலைப்பருப்பு. கடலைப்பருப்பு மாவு. பொரிகடலை (உடைத்தது). பொரி, கடலை (பூஜை). இஞ்சி-பூண்டு விழுது. ஐஆர்-20 அரிசி 25 கிலோ. காபித்தூள். அரிசி மாவு, திரித்து வறுத்தது. புதுச் சரக்கு வந்தால் இதில் எது மாதிரி இருக்கிறது என்று பார்த்து அதே உருவில் ஏற்றுகிறார்கள். எதிலும் சேராவிட்டால் எனக்கு போன் வரும், மாதம் ஒன்றிரண்டு.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. விதி கையில் வந்ததும் கண்ணில் படுவதையெல்லாம் திருத்தத் தோன்றும். கம்பெனிக்காரன் பாக்கெட்டில் அச்சடித்த பெயரை அவன் எழுதின மாதிரியே ஏற்றுங்கள், ஒற்று இல்லாவிட்டாலும் சரி. வாங்குகிறவர் பாக்கெட்டைக் காட்டித்தான் கேட்பார். பதிவு செய்த கடைப் பெயர், ஆள் பெயர், புத்தகத் தலைப்பு எல்லாம் அப்படியே. மாமாவின் பலகையில் "மளிகை கடை" என்றுதான் இருக்கிறது, க் இல்லை. லைசென்ஸிலும் அப்படியே இருப்பதால் பில்லின் தலைப்பிலும் க் போடாமல் விட்டுவிட்டேன். பலகையையாவது மாற்றலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஒரு எழுத்துக்கு ஏணி வச்சு ஏறணுமால" என்று கேட்டுவிட்டுப் பொட்டலம் கட்டப் போய்விட்டார்.